ஐந்தாம் தொட்டியில் நூற்று மூன்று டிகிரி

டிஃபரன்ஷியல் இன்புட் பற்றி, சர்வீஸ் வேலை பார்க்கிற பிள்ளைகளே, உங்களுக்குப் பாடம் எடுக்க நான் உட்காரவில்லை. எந்த வயரை எந்த முனையில் முடுக்குவது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். படிக்காமலே முடுக்கிவிட்டு எனக்கு போன் போடுகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். "மேடம், ரீடிங் சரியா வரலை" என்பீர்கள். எர்த் எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டால், "நல்லா ஸ்ட்ராங்கா ரெண்டு பக்கமும் கொடுத்திருக்கோம் மேடம்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். எனக்கு வயிறு எரியும். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தும் இந்த இரண்டு பக்க எர்த் என்னை விட்டபாடில்லை.

ஆகவே ஒரே ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில், ஆரணியில், ஒரு சாயப்பட்டறையில் நடந்தது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் போன் போடுங்கள்.

நான் அப்போது சென்னையில் டேட்டா லாக்கர், அதாவது அளவுகளைத் தானாகவே பதிவு செய்யும் பெட்டி, விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் பெண்கள் யாரும் இல்லாத காலம். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பஸ்ஸிலிருந்து இறங்கினால், பின்னால் இன்ஜினியர் இறங்குவார் என்று வாசலில் நிற்பவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். பஸ் கிளம்பிப் போகும். அப்புறம்தான் என்னைப் பார்ப்பார்கள்.

சாயப்பட்டறை சேவூர் போகும் ரோட்டில் இருந்தது. முதலாளி பெயர் ஜெயவேலு. ஊர் நெசவாளர்களுக்கும் பட்டுக் கடைகளுக்கும் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறவர். ஆறு தொட்டிகள். உமி போட்டு எரிக்கும் பாய்லரிலிருந்து ஆறுக்கும் நீராவிக் குழாய். ஒவ்வொரு தொட்டியிலும் சாயத் தண்ணீருக்குள் ஒரு தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கும் கம்பி. ஆறு கம்பிகளும் முன்பக்க ஆபீஸ் அறையில் இருந்த எங்கள் லாக்கருக்குப் போகும். லாக்கர் நிமிஷத்துக்கு ஒருமுறை ஆறு தொட்டியின் சூட்டையும் சின்னக் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும். அதைச் சீட்டு என்றுதான் அங்கே எல்லாரும் சொன்னார்கள்.

பட்டுக்குச் சாயம் ஏறுவதற்குச் சூடு ஏறக்குறைய எண்பத்தைந்தில் நிற்க வேண்டும். கொதிக்க விட்டால் பட்டின் மினுமினுப்பு போய்விடும், குறைய விட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இது போதும் உங்களுக்கு.

"இன்னாம்மா, நீதான் வந்துகீறியா? கூட ஆம்பள யாரும் வரலியா?" என்றுதான் ஜெயவேலு என்னை வரவேற்றார்.

"நான்தாங்க பாக்கணும். என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

"மெஷின்ல ஒரு பிரச்சினையும் இல்ல. அது சும்மா கிண்ணுனு கீது. மெஷின் சரியா கீதுன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, அது போதும். மீதிய நான் பாத்துக்கிறேன்."

மீதி என்று அவர் சொன்னது கஜேந்திரன் என்ற மனுஷரை. அங்கே சாய மேஸ்திரி. மீசை முளைக்கும் முன்பே அந்தப் பட்டறைக்கு வந்தவர். லாக்கர் வந்ததிலிருந்து சாயந்திர வேளைகளில் போட்ட நூல் இரண்டு தடவை திட்டுத் திட்டாக வந்துவிட்டது. ஒரு கடைக்காரர் ஒரே மாதிரியான அரக்குச் சிவப்பில் கேட்டிருந்த நூல் அது. இரண்டு தடவையும் சீட்டில் ஐந்தாம் தொட்டி தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று காட்டியிருந்தது. மேஸ்திரி நீராவியை அதிகமாகத் திறந்துவிட்டு நூலைக் கெடுத்துவிட்டார் என்று, திட்டை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் பார்த்து, முதலாளி முடிவுகட்டிவிட்டார். அந்த வாரத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். கெட்டுப்போன நூலை வாசலில் மூங்கிலில் மாட்டியும் வைத்திருந்தார். நூல் வாங்க வருகிற நெசவாளர் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வர வேண்டும். பட்டைக் கொதிக்கவிட்டவன் என்று பெயரெடுத்த மேஸ்திரியை ஆரணியில் வேறு எந்தப் பட்டறையிலும் சேர்க்கமாட்டார்கள். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். என் கையெழுத்து எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கஜேந்திரன் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஆள் நொந்துபோய் நின்றார்.

"எனக்கே டவுட்டு வந்துட்சிம்மா" என்றார். "ஆவியப் பாத்தா சூடு பத்தலன்னு தோணுது. சீட்டப் பாத்தா கொதிக்கப் போவுதுன்னுது. மொதலாளி சீட்டப் பாத்து செய்னு சொல்லிட்டாரு. வால்வ மூடினேன். மூடினா நூலு கெட்டுப்போவுது. நான் எத்த நம்புறது, சொல்லு?"

அவர் கேட்டது எனக்கு உறைத்தது. இருந்தாலும் கேள்வியில் உருக்கம் இருக்கிறது என்பதற்காக லாக்கர் தப்பு என்று எழுத முடியாது இல்லையா? டூல் பையைத் திறந்தேன். கம்பிக்குப் பதிலாக நானே லாக்கருக்கு ஒரு அளவு மில்லிவோல்ட், அதாவது மிகச் சின்ன மின்அழுத்தம், கொடுத்துப் பார்த்தேன், துளி பிசகவில்லை. என் பாதரசத் தெர்மாமீட்டரை ஒவ்வொரு தொட்டியிலும் விட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர் எண்பத்தைந்து என்றால் சீட்டும் எண்பத்தைந்து. ஐந்தாம் தொட்டியும் அப்படியே. வெளியே நல்ல வெயில், காலை வேளை. ஆறும் அக்கா தங்கை மாதிரி ஒற்றுமையாக இருந்தன.

"பாத்தியா?" என்றார் ஜெயவேலு.

சென்னைக்கு டிரங்க் கால் போட்டேன். எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர்தான், ஆனால் பொறுமை கிடையாது. "லாக்கர் சரியா இருக்கா வசந்தி? இருக்கு. அப்புறம் என்ன? எழுதிக் கொடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கிளம்பு. நாளைக்கு ராணிப்பேட்டையில வேலை இருக்கு" என்றார்.

இங்கேதான் நீங்கள் எல்லாரும் கிளம்பிவிடுவீர்கள். கிளம்பினால் அது பொய்யும் இல்லை. லாக்கர் சரி, சத்தியமாகச் சரி. ஆனால் லாக்கர் சரி என்பது ஒரு பேச்சு, ரீடிங் சரி என்பது வேறு பேச்சு. முதலாளி முதல் பேச்சை என்னிடம் எழுதி வாங்கி, இரண்டாவதாகப் படித்துக் காட்டி, ஒரு மனுஷனை வெளியே தள்ளப் போகிறார். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதினது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் ராணிப்பேட்டை போய்ச் சேரும்வரைகூடத் தாங்காது என்று தோன்றியது.

"கெட்டதெல்லாம் சாயந்தரந்தாம்மா" என்றார் கஜேந்திரன். "இருந்து பாத்துட்டுப் போயேன்."

இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வரவில்லை, இருட்டு மட்டும் வந்தது. எண்பத்தாறு அடித்துக்கொண்டிருந்த ஐந்தாம் தொட்டி, அடுத்த சீட்டில் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்து தொண்ணூற்றாறு. பின்சுவர் ஓரம் அதற்குப் பக்கத்தில் இருந்த ஆறாம் தொட்டியும் கூடவே ஏறியது. முன்பக்கத் தொட்டிகள் அவ்வளவாக அசையவில்லை. கஜேந்திரன் ஓடிப்போய் வால்வை மூடினார். நான் தெர்மாமீட்டரை விட்டேன். எண்பத்துமூன்று. இறங்கிக்கொண்டிருந்தது.

"உன் கண்ணாடிக் குச்சி தப்பு" என்றார் ஜெயவேலு. "இத்தினி பெரிய மெஷின் தப்பு, அந்தக் குச்சி கரெக்ட்டா? காதுல பூ சுத்தாதம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அரை மணி நேரம் தலைகீழாக நின்று பார்த்தேன். கம்பியைத் தொட்டேன், முனைகளைத் திருகினேன், பாய்லர் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. சீட்டில் எண் ஆடவும் இல்லை. ஆடினால் ஏதோ கோளாறு என்று யாருக்கும் சந்தேகம் வரும். இது நிதானமாக, பெரிய மனுஷத் தோரணையில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்று அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், ஆடுகிற ரீடிங்கைக் கண்டு பயப்படாதீர்கள், அது உங்களைக் கூப்பிடுகிறது. அசையாமல் நின்று பொய் சொல்கிற ரீடிங்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இதற்கு நடுவில் எனக்கு வேறு அவசரம். அந்தப் பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கும் பின்பக்கத்துச் சுவர்தான். கேட்கவும் கூச்சம், காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் கஜேந்திரனிடம் சொன்னேன். அவர் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சகுந்தலா! மெஷின்காரம்மா வர்றாங்க, கொஞ்சம் பாத்துக்கோ."

சுற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனேன். தெரு முழுக்கக் குழித்தறிகள், அதாவது தரையில் குழி தோண்டி அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறிகள். வெயில் நேரத்தில் வாசல் வெளிச்சத்திலேயே நெய்துவிடுவார்கள், மேகம் மூடினாலோ சாயந்திரம் ஆனாலோ பல்பைப் போட்டே ஆக வேண்டும். சகுந்தலா என் வயதுக்காரி. "வாம்மா, பின்னாடி போ, தண்ணி தொட்டில கீது" என்றாள். அவள் வீட்டுக்காரர் தறியில் இருந்தார். தலைக்கு மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்று சொல்வது மரியாதைக்கு.

நான் முடித்துக்கொண்டு வரும்போது உள்ளேயிருந்து சத்தம். "சகுந்தலா, லைட்டு இன்னும் மங்கிட்சி. இழை தெரியல. ஊத்து!"

அவள் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டறைச் சுவர் ஓரம், மண்ணில் ஒரு இரும்புக் குழாய் அடித்திருந்தது. அதன் தலையில் ஒரு வயர் சுற்றி வீட்டுக்குள் போயிற்று. வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைச் சுற்றித் தண்ணீரை ஊற்றினாள்.

"வந்துட்சா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ஆங், போதும் போதும். நல்லா வந்துட்சி."

எட்டிப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். பல்புக்குத் தண்ணீர் ஊற்றி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏங்க, இது எதுக்கு?" என்றேன்.

"இது இல்லன்னா லைட்டு தூங்கிடும்மா. கம்பத்து ஒயரு சரியில்ல. தெரு பூரா இப்டித்தான் குழாய் அடிச்சிகீறோம். மண்ணு காஞ்சா ஊத்தணும், ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

உங்களுக்குப் புரிகிறதா? கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு வயரில் ஒன்றில் மின்சாரம் வரும், மற்றதில் திரும்பிப் போகும். திரும்பிப் போகிற வயர், நியூட்ரல், அந்தத் தெருவில் எங்கோ இணைப்பு விட்டுக் கிடந்தது. அதனால் பல்பு மங்கியது. தெருக்காரர்கள் அந்த வயரை ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தைக் குழாய் வழியாக மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மண் ஈரமானால் நன்றாகப் போகும். அந்த மண்தான் எங்கள் ஐந்தாம் தொட்டிக்கும் கீழே இருந்தது.

திரும்ப ஓடினேன். ஆபீஸ் அறையில் ஜெயவேலு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கஜேந்திரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "நூத்திமூணு! கொதிக்கவே உட்டுட்டியே, பாவி! இந்தம்மா கண்ணு முன்னாடியே இப்டின்னா, நான் இல்லாதப்ப இன்னா இன்னா பண்ணிகினு இருந்த?" தடியில் நூல் திருப்பிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஐயா, வாங்க" என்றேன். "தொட்டியைப் பாருங்க."

"இன்னாத்தப் பாக்கறது?"

"மூடி இல்லாத தொட்டி. இதுல தண்ணி நூத்திமூணு டிகிரிக்கு எப்படிங்க வரும்? வீட்ல சோத்துப் பானை கொதிக்கிறதைப் பாத்ததில்லையா? இங்க ஒரு குமிழியாவது இருக்கா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். சாயத் தண்ணீர் சும்மா கிடந்தது. ஆவிகூட ஒழுங்காக இல்லை. என் தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து விடச் சொன்னேன். எழுபத்தெட்டு. அவருக்கு முகம் மாறிவிட்டது.

"சகுந்தலா!" என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தேன். "உங்க வீட்டு லைட்டைக் கொஞ்சம் அணைங்க!"

"எதுக்கும்மா? அவரு நெய்றாரு!"

"ரெண்டே நிமிஷம், தாயே!"

அணைத்தாள். அடுத்த சீட்டில் ஐந்தாம் தொட்டி எண்பத்தொன்று. தெருவில் மற்றவர்கள் பல்பு எரிந்துகொண்டிருந்ததால் பொய் முழுக்கப் போகவில்லை, ஆனால் பெரும்பொய் போய்விட்டது. போடச் சொன்னேன். நூற்றிரண்டு. மறுபடி அணை, மறுபடி போடு. அங்கே சகுந்தலாவின் வீட்டுக்காரர் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். இங்கே எல்லாரும் லாக்கரைச் சுற்றி நின்று சீட்டை எட்டிப் பார்த்தார்கள். கஜேந்திரன் மட்டும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நான் கொதிக்க வுடல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

எப்படி இப்படி ஆயிற்று என்றால், லாக்கரைப் பொருத்தும்போது எங்கள் கம்பெனி ஆள் வரவில்லை. உள்ளூர் வயர்மேன் ஒருவரை வைத்தே கம்பெனி வேலையை முடித்துவிட்டது. அவர் சோம்பேறி இல்லை, ரொம்பவும் பொறுப்பானவர், அதுதான் வினை. மோட்டாருக்கு இரண்டு எர்த் போட வேண்டும் என்பது சட்டம். அதை அவர் வாழ்நாள் முழுக்க ஒழுங்காகச் செய்தவர். "மோட்டாருக்கே ரெண்டு எர்த்துன்னா, இவ்ளோ வெலை குடுத்து வாங்கின மெஷினுக்கு ஒண்ணு போட்டா எப்படிங்க?" என்று பின்னால் என்னிடமே கேட்டார். ஆகவே லாக்கர் பக்கம் ஆபீஸ் வாசலில் உப்பும் கரியும் போட்டு ஒரு எர்த். பின்பக்கத் தொட்டிகளின் பக்கம் கம்பிகளின் உலோக உறைக்கும், தொட்டிக்கும் சேர்த்து, பின்சுவர் ஓரத்துப் போர்வெல் குழாயில் இன்னொரு எர்த். அந்தக் குழாய்க்கும் சகுந்தலா வீட்டுக் குழாய்க்கும் சுவர்தான் இடைவெளி.

பூமி எங்கேயும் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். மண்ணில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் ஆபீஸ் வாசல் பூமி வேறு, போர்வெல் பூமி வேறு. இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டினால், அந்த மின்சாரத்துக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. அதுதான் கிரவுண்ட் லூப். தெர்மோகப்பிள் தருவது மில்லிவோல்ட் கணக்கு. அரை மில்லிவோல்ட் திருட்டுத்தனமாகக் கலந்தால் போதும், பத்துப் பன்னிரண்டு டிகிரி பொய். அந்தக் கால லாக்கருக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயர், அதாவது சின்ன அளவைப் பெரிதாக்கும் பாகம், அந்தக் கலப்படத்தை விழுங்கிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இவ்வளவுதான் விஷயம்.

ஜெயவேலு சும்மா இருக்கும் ஆள் இல்லை. கோபம் இப்போது சுவரைத் தாண்டியது. "எல்லாம் அந்தத் தெருவால வந்த வெனை! நாளைக்கே ஈபில சொல்லி ஒருத்தன் வூட்லயும் லைட்டு இல்லாம பண்றேன் பாரு!"

நான் சும்மா இருந்திருக்கலாம். கம்பெனிக்கு அதுதான் சௌகரியம். தப்பு தெருக்காரர்கள் மேல், எங்கள் மேல் இல்லை. ஆனால் அது உண்மை இல்லையே. "அவங்க பல்பு உங்க நூலைக் கெடுக்கலைங்க" என்றேன். "மண்ணுல மின்சாரம் இன்னைக்கு இவங்களால வருது, நாளைக்கு உங்க மோட்டாராலயே வரும். வந்தாலும் பொய் சொல்லாத மாதிரி வயரிங் பண்ண வேண்டியது நாங்க. நாங்கதான் பண்ணலை. அப்புறம், அந்தத் தெருவுல லைட்டு இல்லைன்னா உங்க நூலை யாரு நெய்வாங்க?"

கடைசிக் கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். உறுமிவிட்டு உட்கார்ந்தார்.

மேனேஜருக்கு மறுபடி டிரங்க் கால். "நம்ம வயரிங் தப்புன்னு நீயே வாயால சொன்னியா? உன்னை யாரு சொல்லச் சொன்னது?" என்று ஆரம்பித்து விளாசினார். வாயை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்று நிமிஷம் முடிந்து லைன் தானாகவே கட் ஆயிற்று. ரொம்ப நல்ல ஏற்பாடு அது.

மறுநாள் கம்பிகளை மாற்றிக் கட்டினேன். கம்பி உறைக்கு எர்த் ஒரு பக்கம்தான், மற்றதை வெட்டிவிட்டேன். லாக்கரில் சிங்கிள் எண்டட் என்ற பழைய முறையில், ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையை மட்டும் பார்த்து, மறுமுனையை லாக்கரின் எர்த்தோடு கட்டிவிடுவார்கள். ஒரு பிள்ளையை நம் வீட்டுத் தரையிலும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்து வீட்டுத் தரையிலும் நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பது அது. டிஃபரன்ஷியல் என்றால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கட்டிலில் ஏற்றிவிடுவது. கட்டில் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள், வித்தியாசம் மாறாது. ஆனால் இரண்டு முனையையும் லாக்கர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு தொட்டிக்கு இரண்டு சேனல், அதாவது இரண்டு வாசல், செலவாகும். எட்டு சேனல் என்று நாங்கள் விற்ற பெட்டி இப்படிக் கட்டினால் நான்கு சேனல்தான். எங்கள் விளம்பரத்தில் அது பொடி எழுத்தில் இருந்தது.

முதலில் ஐந்தாம் தொட்டியைத்தான் இப்படிக் கட்டிப் பார்த்தேன். சாயந்திரம் தெரு முழுக்கப் பல்பு எரிந்தபோது சகுந்தலாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். "நேத்து அணைன்ன, இன்னைக்கு ஊத்துன்ற. ஒரு முடிவுக்கு வாம்மா" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினாள். தெர்மாமீட்டர் எண்பத்தைந்து, சீட்டும் எண்பத்தைந்து. இன்னொரு குடம். எண்பத்தைந்து. கஜேந்திரன் ஒவ்வொரு சீட்டாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அதோடு லாக்கருக்கு வேலை முடிந்தது. நமக்கு முடியவில்லை. லாக்கர் இனிமேல் அந்த மண்ணில் ஓடுகிற மின்சாரத்தைக் கண்டுகொள்ளாது, ஆனால் சகுந்தலா வெறுங்காலோடு அந்த ஈரத்தில்தான் நிற்பாள். போய்ச் சொன்னேன். "அட போம்மா, எப்பலேர்ந்து ஊத்திகினு கீறோம்" என்றாள். விடவில்லை. அந்தத் தெருவுக்கான லைன்மேனைப் பிடித்து, யார் வீட்டையும் காட்டிக்கொடுக்காமல், நியூட்ரல் விட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கம்பத்தில் ஏறி இணைப்பை முறுக்கினார். குழாய் இல்லாமலே பல்பு எரிந்தது. அன்றைக்கு சகுந்தலா வீட்டில்தான் சாப்பிட்டேன். குழாயையும் அவள் வீட்டுக்காரரை விட்டுப் பிடுங்கவைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இனி நான்கு சேனல், ஆறு தொட்டி. ஜெயவேலு ஒரு முடிவு சொன்னார். "முன்னாடி நாலுக்கு வெச்சிடு. கடை ஆர்டர் பூரா அதுல போட்டுக்கிறேன். பின்னாடி ரெண்டும் சில்லற வேலைக்குத்தான். மெஷின் வாணாம், கஜேந்திரன் அனுபவத்துல பாத்துக்கட்டும்." நேற்றுவரை பாவி என்று திட்டின வாயால் அனுபவம் என்று சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மனுஷன் மானம் திரும்பிவிட்டது, வாசலில் மாட்டியிருந்த நூலையும் காலையிலேயே கழற்றியாயிற்று, கிளம்பலாம் என்று பையை மூடினேன்.

"வாணாம் மொதலாளி" என்றார் கஜேந்திரன்.

"இன்னா வாணாம்?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் சீட்டு வேணும்."

எனக்கு ஆச்சரியம். அந்தச் சீட்டால் பட்ட பாட்டுக்கு அவர் லாக்கரைக் காலால் உதைத்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். "ஏங்க, உங்களுக்குத்தான் கை பழக்கம் இருக்கே?" என்றேன்.

"கீதும்மா. அது இந்த ஒரு வாரமா எனக்கு இன்னா ஒதவிச்சி?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு முன்னாடி நாலுல ஒண்ணு கெட்டுச்சுன்னா, சீட்டப் பாப்பீங்க. சீட்டு தப்பா, ஆளு தப்பான்னு பேசுவீங்க. பின்னாடி ரெண்டுல கெட்டுச்சுன்னா பேச்சே இல்ல, கஜேந்திரன்தான். அனுபவத்த நான் எந்தச் சீட்டுல காட்டுவேன்?"

நான் பெருமை என்று நினைத்துக்கொண்டு அவர் தலையில் கட்டப் பார்த்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. பையை மறுபடி திறந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். டிஃபரன்ஷியலாகக் கட்டினால் சேனல் பாதியாகும், அது உங்களுக்குத் தெரியும். எதை விடலாம் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு முடிவுபண்ணுவீர்கள். பண்ணுங்கள். ஆனால் நீங்கள் அளக்காமல் விடுகிற இடத்தில் யாராவது ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். அங்கே என்ன நடந்தாலும் கேள்வி அவரிடம்தான் போகும். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

வேலூருக்கு பஸ் ஏறிப்போய், ரேடியோ சாமான் கடையில், இரண்டு முனையையும் சேர்த்து மாற்றுகிற திருகு சுவிட்ச் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தொட்டியும் ஐந்தாம் தொட்டியும் ஒரு சேனலில், நான்கும் ஆறும் இன்னொன்றில். திருகினால் ஒன்று, மறுபக்கம் திருகினால் மற்றது. ராணிப்பேட்டை வேலைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு மேனேஜர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஜெயவேலு சுவிட்சைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதத் திருகிகினே ஒரு ஆளு நிக்கணுமா? எவன் நிப்பான்?"

"நான் நிக்கிறேன் மொதலாளி" என்றார் கஜேந்திரன். ஐந்துக்குத் திருகினார், சீட்டு வரும்வரை நின்றார், படித்துப் பார்த்தார். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டு நூலை இறக்கச் சொன்னார்.